யூதாஸ் நாற்காலி

எடது காலை நீட்டிடுவேன். முடிவு பண்ணியாச்சு, இனிமே இதைப் பத்தி யோசிக்கவே கூடாது. ஃபாதர் வருவார், முன்னால முட்டி போடுவார், நான் எடது காலை நீட்டுவேன், தண்ணி ஊத்துவார், துண்டால துடைப்பார், பாதத்துல ஒரு முத்தம் குடுப்பார், எழுந்து போயிடுவார், நானும் மானத்தோட வீடு போய்ச் சேர்ந்துடுவேன். எல்லாரும் வலது காலைத்தான் நீட்டணும்னு ஒத்திகையில கோவில் உபதேசியார் தாவீது சொன்னார். சொல்லிட்டு என் பக்கம் பாத்தார், பாத்தவர் சட்டுனு மேல ஓடுற ஃபேனைப் பாத்தார், என்னமோ அதுல ஏதோ ரிப்பேர் மாதிரி. பாவம், அவருக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. எனக்கு மட்டும் தெரியுமா? புனித வியாழன் பூசை, கோவில் நெறைஞ்சு வாசல் வரைக்கும் சனம் நிக்குது, பீடத்துக்கு முன்னால பன்னிரண்டு நாற்காலி, ஏசுவோட பன்னிரண்டு சீடருங்களுக்குப் பதிலா ஊர்ச்சனம் பன்னிரண்டு பேர், அதுல கடைசி நாற்காலியில கித்தேரிமேரியாகிய நான், வெள்ளைப் புடவையும் தோள்ல குறுக்க செவப்புத் துண்டுமா. பன்னிரண்டு துண்டும் நான் தைச்சதுதான், ஓரம் அடிச்சது நேரா இருக்கான்னு இப்பக் கூட கண்ணு போகுது பாரு. நெஞ்சு அடிக்கிற அடி மைக்குல கேட்டுடுமோன்னு இருக்கு. வலது கால் புடவைக்குள்ள இருக்கு, எப்பவும் போல. யானைக்கால். இந்தா, சொல்லிட்டேன். ஊர்ல யாரும் என் எதிர்ல அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாங்க, கால் கொஞ்சம் சொகமில்லாதவன்னு சொல்லுவாங்க, கால்ல ஏதோ சளி பிடிச்ச மாதிரி. பதினெட்டு வயசுல குளிர்க்காய்ச்சலோட வீங்க ஆரம்பிச்சது, இப்ப எனக்கு நாப்பத்தாறு, கால் தன் பாட்டுக்கு ஒரு தூணா நிக்குது. கொசு கடிச்சதுல வந்ததுன்னு டாக்டர் சொன்னார். கொசு. உலகத்துல இருக்கற அத்தனை கொசுவும் அத்தனை பேரையும் கடிக்குது, என்னைக் கடிச்சது மட்டும் இப்படிக் குறி வெச்சுக் கடிச்சிருக்கு.

எல்லாம் என் வாயாலயும் வீம்பாலயும் வந்தது, வேற யாரைச் சொல்ல. எங்க கோவில் பங்குல வீடுங்களைப் பிரிச்சுப் பன்னிரண்டு அன்பியமா வெச்சிருக்காங்க. வாரம் ஒரு வீட்ல கூடுவோம், ஜெபம் சொல்லுவோம், சுண்டல் தின்னுவோம், யார் வீட்ல என்ன சண்டைன்னு பேசிட்டுக் கலைவோம். ஏசு தன் சீடருங்க காலைக் கழுவினாரே, அதோட ஞாபகமாப் பாதம் கழுவுற சடங்குக்கு அன்பியத்துக்கு ஒருத்தர் உக்காரணும். முன்னெல்லாம் ஆம்பளைங்கதான், இப்பப் பொம்பளைங்களும் உக்காரலாம்னு ரோம்லேர்ந்தே சொல்லிட்டாங்களாம், அதுலேர்ந்து யார் போறதுங்கறதுல ஒரே போட்டி. சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம்னு எங்க அண்ணி ரெஜினாதான் சொன்னாங்க. எவர்சில்வர் சொம்புல சீட்டு, எல்லார் பேரும் எழுதிப் போட்டாங்க, என் பேரும் ஒரு மரியாதைக்கு. விருந்துக்கு வரமாட்டாங்கன்னு தெரிஞ்சே பத்திரிகை வெக்கறதில்லையா, அது மாதிரி. உபதேசியார் கையை விட்டு எடுத்தார், பிரிச்சார், படிக்கத் தொறந்த வாயை மூடிக்கிட்டார். அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அண்ணி எட்டிப் பாத்துட்டு, அவளுக்கு ரொம்ப நேரம் உக்காந்தா கால் கடுக்கும், வேற ஒண்ணு எடுங்கன்னாங்க. அன்பாத்தான் சொன்னாங்க, அதுல பொய் இல்ல. அந்த அன்புதான் எனக்கு ஆகவே ஆகாது. எனக்கு டீ கொண்டுவந்து வெக்கறதும் அதே அன்புதான், நான் உக்காந்த பாயை உதறிப் போடறதும் அதே அன்புதான். உபதேசியார் கை மறுபடி சொம்புக்குள்ள போனது. எனக்கு எங்கேர்ந்துதான் வந்ததோ தெரியல, யார் பேர் வந்ததோ அவங்கதானே போகணும், நான் போறேன்னுட்டேன். சுண்டல் தட்டை மட்டும் நகத்தினாங்க. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு என்னை நானே திட்டின திட்டு இருக்கே, அதைக் கேட்டிருந்தா எங்க அண்ணி காதைப் பொத்தியிருப்பாங்க.

ஆரம்பிச்சிட்டார். ஃபாதர் சூசைமாணிக்கம் மேலங்கியைக் கழட்டி வெச்சிட்டு இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு மொத நாற்காலிக்கு முன்னால முட்டி போடறார், பூசைக்கு உதவி செய்யறவங்கள்ல ஒருத்தர் கூஜாவும் இன்னொருத்தர் தாம்பாளமுமா பின்னால வர்றாங்க, மாடியில பாட்டு எடுத்தாச்சு. மனுஷனுக்கு அறுபதை நெருங்குது, மூட்டு வலி, ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் வாயைக் கடிச்சுக்கறார். மொத நாற்காலியில ரிட்டையர் ஆன போஸ்ட்மேன் மத்தேயு. என்ன பளபளப்பு அந்தக் காலு! ஊரையே நடந்து அளந்த காலு, வெடிப்பு வெடிப்பா இருந்ததை நான் பாத்திருக்கேன், இப்ப பாரு, பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ச்சு, எண்ணெய் தடவி, நகம் வெட்டி, கல்யாண மாப்பிள்ளை காலாட்டம் நீட்டறார். பக்கத்துல அரிசி மண்டிக்காரர், அவரும் அப்படித்தான். எனக்கு எடது பக்கம் பதினொண்ணாவது நாற்காலியில டெய்சி டீச்சர், நகப்பாலிஷே போட்டிருக்காங்க, லேசான ரோஸ் கலர். சிரிப்பு சிரிப்பா வருது எனக்கு, இங்க சிரிச்சா கொன்னுடுவாங்க. கழுவின காலைக் கழுவறதுக்கு இவ்வளவு பெரிய பூசை! அழுக்குக் காலோட வந்து உக்காந்தவங்க இந்தப் பன்னிரண்டு நாற்காலியில ஒருத்தரும் கிடையாது. அப்படிப் பாத்தா என் காலுக்கு மட்டும் என்ன குறைச்சல்? கழுவறதுன்னா நான் கழுவறேனே அதுதான் கழுவறது. காலையில ஒரு தடவை, படுக்கப் போறப்ப ஒரு தடவை, சோப்புப் போட்டு, மடிப்பு மடிப்பா விலக்கி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி. சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லிக் குடுத்தது. ஒரு நாள் விட்டா காய்ச்சல், ரெண்டு நாள் விட்டா புண்ணு. ஆனா ஒண்ணு, அந்தக் கால்மேல என் கை பட்டிருக்கு, உறை போட்ட நர்ஸ் கை பட்டிருக்கு, அதோட சரி. வெறும் கையால இன்னொருத்தர் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு யோசிச்சா தலை சுத்துது. யோசிக்காதேடி கித்தேரி. எடது கால், எடது கால். எடது கால் நல்ல கால், தையல் மெஷினை மிதிக்கிற கால், எனக்குச் சோறு போடற கால். அதை நீட்டறதுல என்ன தப்பு? அதுவும் என் காலுதானே?

எதுக்குப் பயம்னு என்னை நானே கேட்டுப் பாத்துட்டேன். ஊர் பாக்கும்னா? ஊருக்குத் தெரியாததா? எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் பாத்தாச்சு, ஓரக்கண்ணால. ஊரு பயமில்ல. மூஞ்சிதான் பயம். ஒரு மூஞ்சி சுளிக்கறதை நான் எத்தனை விதமாப் பாத்திருப்பேன்! பஸ்ல பக்கத்துல உக்கார வந்தவ கீழ பாத்துட்டு, இல்லக்கா நான் முன்னாடி எறங்கணும்னு நகர்ற சுளிப்பு ஒண்ணு. அளவு குடுக்க வந்த பொண்ணு, ஐயோ எப்படிக்கா வலிக்குமான்னு கேட்டுக்கிட்டே தன் காலை உள்ள இழுத்துக்கற சுளிப்பு ஒண்ணு. பெரிய டாக்டர், படிச்சவர், அவர்கூட மொதல்ல ஒரு இமைப்பு இமைச்சிட்டுதான் அப்புறம் கண்ணாடியைச் சரிபண்ணிக்கிட்டார். கடலூர்லேர்ந்து என்னைப் பொண்ணு பாக்க வந்த அந்த மனுஷன் இருக்காரே, லாரன்சு, நல்ல மனுஷன், நான் காப்பி கொண்டுவந்து குடுத்தப்போ சிரிச்சார், என் கையில அவர் விரல் பட்டது, திரும்பி நடந்தப்போ என் நடையைப் பாத்தார், அப்புறம் புடவை ஓரம் விலகியிருக்கணும், காப்பியை அவர் குடிக்கவே இல்ல. ஆடை கட்டிப்போன காப்பியை நான்தான் எடுத்துக் கொட்டினேன். அன்னைக்கு அழுதேன், அதுக்கப்புறம் அழறதை விட்டாச்சு. ஆனா இது இருக்கே, இது பீடம். இங்க முட்டி போடறவர் சூசைமாணிக்கமா வரல, ஆண்டவருக்குப் பதிலா வர்றார், பிரசங்கத்துல இப்பத்தான் அவரே சொன்னார். அந்த மூஞ்சி சுளிச்சிட்டா? லாரன்சு சுளிச்சா கடலூருக்குப் போயிட்டார், பஸ்காரி சுளிச்சா முன்னாடி எறங்கிட்டா. இவர் சுளிச்சா நான் எங்க போவேன்? இத்தனை வருஷமா நான் ஆண்டவர்கிட்ட ஒரு உடன்படிக்கையில இருக்கேன், அவர் என்னை இடுப்புக்கு மேல பாத்துக்கட்டும், கீழே நான் பாத்துக்கறேன்னு. நற்கருணை அப்பம் வாங்கக்கூட எல்லாரும் போய் முடிச்சப்புறம் கடைசியா, ஓரமாப் போவேன், புடவையைக் கையில ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு, நாக்கை நீட்டி வாங்கிட்டு சட்டுனு திரும்பிடுவேன். நான் தகுதியில்லாதவன்னு பூசையில எல்லாரும் ஒரே கோரஸாச் சொல்றாங்களே, மண்டிக்காரர் கொட்டாவி விட்டுக்கிட்டே சொல்றார், டெய்சி டீச்சர் வாட்சைப் பாத்துக்கிட்டே சொல்றாங்க. நான் ஒருத்திதான் அதை நெஜமாச் சொல்றேன்னு தோணும். ஒரு பக்கம் கொஞ்சம் கர்வமாக்கூட இருக்கும், வெக்கக்கேடு.

சிலுவையைத் துணி போட்டு மூடி வெச்சிருக்காங்க. தவக்காலத்துக் கடைசியில அப்படித்தான் மூடுவாங்க. அவர் காலும் தெரியல, என் காலும் தெரியல, சரிக்குச் சரி. அஞ்சாவது ஆளு ஆச்சா? ஆச்சு. கூஜாத் தண்ணியைப் பாத்துப் பாத்து ஊத்தறார், பன்னிரண்டு பேருக்கும் வரணுமே. கடைசி நாற்காலிக்கு வரும்போது சொட்டுதான் மிஞ்சும், வருஷா வருஷம் அப்படித்தான், யூதாஸுக்கு அது போதும்னு சிரிப்பாங்க. ஆமா, இதுக்குப் பேரே யூதாஸ் நாற்காலி. யார் வெச்ச பேரோ. மொத நாற்காலி சீடருங்களுக்கெல்லாம் தலைவரான ராயப்பர், கடைசி நாற்காலி முப்பது வெள்ளிக்காசுக்கு ஏசுவைக் காட்டிக் குடுத்தவன். இதுல உக்கார்ற ஆளை அடுத்த வருஷம் வரைக்கும் கிண்டல் பண்ணுவாங்க, போன வருஷம் உக்காந்த பெயிண்டரைப் பூசை முடிஞ்சதும் முப்பது வெள்ளிக்காசு எங்கப்பான்னு கேட்டு வாசல்லயே மடக்கிட்டாங்க, அவர் எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்துத் தப்பிச்சார். அதனால ஒத்திகை அன்னைக்கு யாரும் இதுல உக்காரல, பதினொரு பேரும் முந்திக்கிட்டாங்க, நான் மெதுவா நடந்து வந்து சேர்றதுக்குள்ள இதுதான் மிஞ்சினது. என்னை மட்டும் யாரும் கிண்டல் பண்ணல. டெய்சி டீச்சர், நீங்க வேணா என் எடத்துக்கு வாங்க கித்தேரின்னு அடிக்குரல்ல கேட்டாங்க. வேண்டாம்னேன். கிண்டல் பண்ணியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! ஒருத்தராவது, ஏ யூதாஸ், காசை எடுன்னு கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நானும் அந்தப் பதினொரு பேரோட ஒருத்தி ஆயிருப்பேன். இரு, இரு. ஒரு நிமிஷம். அப்போ ஏசு யூதாஸ் காலையும் கழுவினாரா? சாப்பாட்டுக்கு நடுவுல கழுவினார், யூதாஸ் எழுந்து வெளியில போனது அப்புறம்தானே, இப்பத்தான் வாசிச்சாங்க, நான்தான் என் காலையே நெனைச்சுக்கிட்டுப் பாதி கேட்டும் கேக்காமலும் இருந்தேன். அப்படின்னா கழுவியிருக்கார். தெரிஞ்சே கழுவியிருக்கார்! இவன் இன்னும் கொஞ்ச நேரத்துல போய் என்ன பண்ணப் போறான்னு முழுசாத் தெரிஞ்சு, அவன் முன்னாலயும் முட்டி போட்டு, அவன் விரலையும் ஒண்ணொண்ணாத் துடைச்சு. ஈரம்கூடக் காஞ்சிருக்காது, அந்தக் காலோடதான் அவன் வெளியில போயிருக்கான். ஏன்டி இத்தனை வருஷமா இந்த வாசகத்தைக் கேக்கறே, இது எப்படி உன் காதுல விழாமப் போச்சு?

உடம்பெல்லாம் புல்லரிக்குது. காய்ச்சல் வரப்போற மாதிரி இருக்கு, காய்ச்சல் இல்ல, எனக்குத் தெரியும் காய்ச்சல் எப்படி வரும்னு. யூதாஸுக்கு என்ன, அவனுக்குக் காலு நல்ல காலு, கோளாறு வேற எடத்துலன்னு மனசு வாதாடுது. வாதாடட்டும். அவன் எப்படி உக்காந்திருப்பான்? ராயப்பர் மாதிரி என் காலைக் கழுவ வேண்டாம் வேண்டாம்னு கத்தல, அவன் கமுக்கமா இருந்திருப்பான். காட்ட வேண்டியதைக் காட்டாம, கேட்ட காலை மட்டும் நல்ல பிள்ளையா நீட்டியிருப்பான். கழுவினாங்க, வாங்கிக்கிட்டான், உள்ள இருந்தது உள்ளயே இருந்தது. ஆண்டவரே, எனக்கு இது இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை என்ன வேணா ஆகியிருக்கும். சொல்லலையே பாவி. அடேங்கப்பா, நான் அவனைப் பாவின்றேன், எடது காலை நீட்டப் போறவ நான். ஐயோ, எட்டாவது ஆளு, ஒன்பதாவது ஆளு. போ, இப்பவே எழுந்து போயிடு, பக்கத்து வாசல் இருக்கு, தலை சுத்துதுன்னு சொல்லு, அண்ணி ஓடிவந்து பிடிச்சுக்குவாங்க, எல்லாரும் நம்புவாங்க, சீட்டு எடுத்தப்பவே சொன்னோமேன்னு நிம்மதியாகூட இருக்கும் அவங்களுக்கு. எழுந்திரு. கால் எழுந்திருக்கல. வியர்வை முதுகுல ஓடுது, மல்லிப்பூ, சாம்பிராணி, பக்கத்துல டீச்சரோட பவுடர் வாசனை எல்லாம் சேர்ந்து மூக்கை அடைக்குது. டீச்சர் வலது காலை நீட்டிட்டாங்க. கூச்சத்துல சிரிக்கறாங்க, தண்ணி பட்டதும் விரலை மடக்கறாங்க. இதே கோவில்ல இதே மாதிரி அறுநூறு பேர் இருக்காங்க, இவங்கள்ல எத்தனை பேர் எடது காலை நீட்டிக்கிட்டு வாழ்றாங்களோ, யார் கண்டது? மண்டிக்காரர்கிட்ட என்ன இருக்கோ, அண்ணிகிட்ட என்ன இருக்கோ. என்னது வெளியில தெரியுது, அவ்வளவுதான். இதை இப்படி நான் ஒரு நாளும் நெனைச்சதே இல்ல, நெனைக்க நெனைக்க சிரிப்பும் படபடப்புமா என்னமோ பண்ணுது, ஆனா தைரியம் மட்டும் வரல, அது தனி.

வந்துட்டார். ஒரு கையைத் தரையில ஊனி, ஒரு முட்டி, அப்புறம் இன்னொரு முட்டி, அம்மான்னு முனகிக்கிட்டு என் முன்னால முட்டி போட்டுட்டார். உச்சி மண்டையில முடி இல்ல, வேர்வை முத்து முத்தா நிக்குது. ஒரு சாமியார் தலையை மேலேர்ந்து இவ்வளவு கிட்டத்துல நான் பாத்ததே இல்ல. நான் எடது காலை நீட்டிட்டேன். நெனைச்சபடியே நீட்டிட்டேன். அவர் அதைப் பாத்தார், ஒண்ணும் கேக்கல, உபதேசியாரும் அந்தப் பக்கம் ஒண்ணும் சொல்லல. தண்ணி ஜில்லுனு விழுந்தது. துண்டால துடைச்சார். குனிஞ்சு முத்தம் குடுத்தார், மீசை குத்துச்சு. தப்பிச்சேன். தப்பிச்சேன்டி கித்தேரி! எல்லாம் முடிஞ்சுது, யாரும் எதையும் பாக்கல, யாரும் சுளிக்கல, நெனைச்சது நெனைச்சபடி நடந்துபோச்சு. அப்புறம் ஏன் இப்படி இருக்கு? பசியோட விருந்துக்குப் போய் சாப்பிடாமக் கை கழுவிட்டு வந்த மாதிரி ஏன் இருக்கு? அவர் ஒரு கையை முட்டியில வெச்சு எழுந்திருக்கப் பாக்கறார். எழுந்துட்டா போச்சு. அடுத்த வருஷம் வேற சீட்டு, வேற ஆளு, நான் மறுபடியும் கடைசி பெஞ்சு, இடுப்புக்கு மேல. வாய் தானாத் தொறந்துது.

"ஃபாதர், இருங்க. இன்னொரு கால் இருக்கு."

அவர் நிமிர்ந்து பாத்தார். உபதேசியார் ஓரத்துலேர்ந்து, ஒரு கால் போதும்மா, ஒரு காலுதான் வழக்கம்னு கிசுகிசுத்தார். நான் அவரைப் பாக்கல. ரெண்டு கையாலயும் புடவையைப் பிடிச்சு முட்டி வரைக்கும் தூக்கினேன், வலது காலைத் தூக்கி முன்னால வெச்சேன். மொத வரிசையில யாரோ மூச்சை இழுத்தாங்க. தாம்பாளம் பத்தல, பாதம் அதுக்குள்ள எறங்கவே இல்ல, விளிம்புல இடிச்சுக்கிட்டு நிக்குது. நான் அவர் மூஞ்சியைத்தான் பாக்கறேன். வேற எதையும் பாக்கல. அதுக்காகத்தானே இவ்வளவு பயம். சுளிச்சார். பாத்தேன். கண்ணுக்குக் கீழ ஒரு சின்ன இழுப்பு, அதே இழுப்பு, டாக்டர்கிட்ட பாத்தது, லாரன்சுகிட்ட பாத்தது. சுளிச்சிட்டார்! மனுஷன்தானே, பாவம், சொல்லாமக் கொள்ளாம முன்னால ஒரு தூணைத் தூக்கி வெச்சா யாருக்குத்தான் திக்குனு இருக்காது? எதுக்கு இத்தனை வருஷம் பயந்தேனோ அது நடந்துபோச்சு, நான் இன்னும் நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன். அவரும் எழுந்து போகல. தாம்பாளத்தை ஓரமாத் தள்ளிட்டார். முட்டி போட்டிருந்தவர் அப்படியே தரையில சப்பணம் போட்டு உக்காந்துட்டார், வெள்ளை அங்கியோட, என் காலை ரெண்டு கையாலயும் தூக்கித் தன் மடியில வெச்சுக்கிட்டார். வெறும் கை. சூடா இருந்தது. கூஜாவைச் சாய்ச்சார், சொட்டுதான் வந்தது. தண்ணி கொண்டாங்கன்னார். ஓடினாங்க. கோவிலே எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குது, மாடியில பாட்டு முடிஞ்சுபோச்சு, என்ன பண்றதுன்னு தெரியாம மறுபடி மொதல்லேர்ந்து எடுத்தாங்க. டெய்சி டீச்சர் பக்கத்துல மூக்கை உறிஞ்சறாங்க. நான் அழல. எனக்குச் சிரிப்புத்தான் வருது, சந்தோஷம் வயித்துலேர்ந்து குபுகுபுன்னு மேல வருது, அடக்கவே முடியல. ஆண்டவரே, நீர் இதையும் பாத்துக்கிட்டுதான் இருந்தீரா? இத்தனை நாளும்? தண்ணி வந்தது. பொம்மைக்கு ஊத்தற மாதிரி பயந்து பயந்து ஊத்தறார். வலிக்காது ஃபாதர், பயப்படாமத் தேய்ங்கன்னேன். தேய்ச்சார். மடிப்பு மடிப்பா, என் கை போற அத்தனை எடத்துக்கும் அவர் கை போச்சு.

"விரலிடுக்குல நல்லாத் துடைங்க ஃபாதர். ஈரம் நின்னா புண்ணாயிடும்."

"சரிம்மா"ன்னார். ஒவ்வொரு விரலா விலக்கித் துடைச்சார். அவசரமே படல. அப்புறம் மடியிலேர்ந்து காலைக் கொஞ்சம் உசத்திப் பிடிச்சுக்கிட்டு முத்தம் குடுக்கக் குனிஞ்சார். யாராவது கிட்ட வந்தா காலை உள்ள இழுத்துக்கறது எனக்கு இருவத்தெட்டு வருஷப் பழக்கம், தசை தானாத் துடிச்சுது. நான் இழுத்துக்கல.